பக்கத்து வீட்டு வல்லரசுகள் - 14: தோட்டா வெடிக்காத இரவு

2020 ஜூன் மூன்றாவது வாரம். கொரோனாவால் டீக்கடை பெஞ்சுகள் காலியாகக் கிடந்ததால் கேள்வி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு மோதிய நம் ஜவான்கள் கையில் துப்பாக்கி இல்லையா? இருந்தது என்றால் ஏன் சுடவில்லை? ராகுல் காந்தியும் இதையேதான் ட்விட்டரில் கேட்டார். வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அங்கேயே பதில் போட்டார். எல்லைப் பணியில் இருப்பவர்கள் எப்போதும் ஆயுதத்தோடுதான் போகிறார்கள், ஜூன் 15 அன்றும் அப்படித்தான் போனார்கள், ஆனால் நேருக்கு நேர் நிற்கும்போது சுடுவதில்லை என்பது 1996, 2005 ஒப்பந்தங்களின்படி நெடுநாளாக இருந்துவரும் வழக்கம் என்றார்.

பதில் சரிதான். ஆனால் 1996-ல் எழுதிய ஒரு காகிதத்துக்கு 2020-ல் ஒரு மலைச்சரிவில் இவ்வளவு மரியாதை எப்படிக் கிடைத்தது என்பதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சீன அதிபர் ஜியாங் ஜெமின் 1996 நவம்பரில் தில்லி வந்தார். தேவ கௌடா பிரதமராக இருந்த காலம். 29-ஆம் தேதி இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன் ஆறாவது பிரிவு படிக்கவே விசித்திரமாக இருக்கும். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் யாரும் சுடக்கூடாது, வெடி வைக்கக்கூடாது, ஆபத்தான ரசாயனம் பயன்படுத்தக்கூடாது. துப்பாக்கியோ வெடியோ வைத்து வேட்டைகூட ஆடக்கூடாது. இன்னொரு பிரிவின்படி, போர் விமானங்கள் பத்து கிலோமீட்டர் தள்ளியே பறக்க வேண்டும். எங்கோ ஒரு சிப்பாய் மலையாட்டைக் குறிவைத்துச் சுட, அது இரண்டு பெரிய நாடுகளின் சண்டையாக முடிந்துவிடக் கூடாதே என்ற பயம் அந்த வரிகளில் தெரிகிறது.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு கிலோமீட்டர் என்று அளந்து எழுதியவர்கள், எதிலிருந்து இரண்டு கிலோமீட்டர் என்பதை எழுதவில்லை. கோடு எங்கே போகிறது என்பதில் இன்றுவரை உடன்பாடு கிடையாது. இந்தியக் கணக்கில் எல்லை 3,488 கிலோமீட்டர். சீனா சொல்வது ஏறக்குறைய 2,000. நடுப்பகுதிக்கு மட்டும் 2000-த்தில் வரைபடங்களை மாற்றிக்கொண்டார்கள். லடாக் பகுதிக்கு வந்ததும் அந்த வேலை நின்றுபோனது. வரப்புத் தகராறில் இருக்கும் பங்காளிகள், சர்வேயர் வருகிறவரை அரிவாளை வீட்டில் வைத்துவிட்டு வயலுக்கு வருவோம் என்று பேசி முடித்த மாதிரிதான். சர்வேயர் வரவே இல்லை.

ஆனாலும் ஏற்பாடு வேலை செய்தது. 1975-ல் அருணாசலப் பிரதேசத்தின் துலுங் லா கணவாயில் நான்கு அசாம் ரைஃபிள்ஸ் வீரர்கள் கொல்லப்பட்ட பிறகு, நாற்பத்தைந்து ஆண்டுகள் அந்த எல்லையில் மோதலில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ரோந்துப் படைகள் எதிரெதிரே வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரு சடங்கே உருவாகிவிட்டது. இது எங்கள் இடம், திரும்பிப் போங்கள் என்று எழுதிய பேனரை ஒரு தரப்பு விரிக்கும். அடுத்த தரப்பும் தன் பேனரை விரிக்கும். கொஞ்ச நேரம் நிற்பார்கள், வீடியோ எடுப்பார்கள், கலைவார்கள். 2013-ல் டெப்சாங்கில் சீனர்கள் கூடாரம் போட்டு மூன்று வாரம் உட்கார்ந்தார்கள். 2017-ல் டோக்லாமில் 73 நாள் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் பாங்காங் ஏரிக்கரையில் கல்லெறியும் நடந்தது. துப்பாக்கி மட்டும் தோளை விட்டு இறங்கவில்லை.

கல்வானில் நடந்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜூன் 6 அன்று சுஷுல்–மோல்டோவில் இரு தரப்புத் தளபதிகளும் பேசிப் பின்வாங்க ஒப்புக்கொண்டிருந்தார்கள். பதினான்காம் ரோந்துப் புள்ளி அருகே சீனர்கள் போட்டிருந்த முகாம் அகற்றப்பட்டதா என்று பார்க்கத்தான் 16 பிஹார் படைப்பிரிவின் கர்னல் சந்தோஷ் பாபு ஜூன் 15 மாலை போனார். கடல் மட்டத்திலிருந்து சுமார் பதினான்காயிரம் அடி. நடக்கவே மூச்சு வாங்கும் உயரத்தில், இருட்டில், மணிக்கணக்காகக் கைகலப்பு. கல், இரும்புக் கம்பி, ஆணி அறைந்த தடி. கால் வைத்த விளிம்பு சரிந்து பனிக்கட்டி போலக் குளிர்ந்த ஆற்றில் விழுந்தவர்கள் பலர். இருபது இந்திய வீரர்கள் இறந்தார்கள். கர்னலும், ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் அதில் அடக்கம். தன் தரப்பில் நால்வர் இறந்ததாகச் சீனா ஒப்புக்கொண்டது எட்டு மாதம் கழித்து, 2021 பிப்ரவரியில். அந்த இரவு முழுக்க ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை.

ஆக, விதி தோற்றுவிட்டதா? அப்படிச் சொல்லிவிடுவது சுலபம். துப்பாக்கியைத் தடுத்தது, தடியை உள்ளே விட்டுவிட்டது என்பது உண்மை. ஆனால் அந்த இரவில் ஒருவர் சுட்டிருந்தால், மறுநாள் காலை பீரங்கி பேசியிருக்கும். கல்வானுக்குப் பிறகு, அசாதாரண நிலைமையில் ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு களத்தில் இருக்கும் தளபதிகளிடம் விடப்பட்டது. செப்டம்பர் 7 அன்று பாங்காங்கின் தென்கரையில் வானை நோக்கிச் சுட்டார்கள். நீதான் சுட்டாய், நீதான் சுட்டாய் என்று இரு தரப்பும் அறிக்கை விட்டுக்கொண்டன. சுட்டதைப் பெருமையாகச் சொல்லாமல் அடுத்தவர் தலையில் கட்டப் பார்த்தார்கள் என்பதிலேயே, 1996-ஆம் ஆண்டுக் காகிதத்துக்கு மிச்சமிருந்த உயிர் தெரிந்தது.

இனி அதே ஜூன் வாரத்தின் இன்னொரு பக்கம்.

கல்வான் நடந்து நான்கே நாளில், ஜூன் 19 அன்று, இந்திய அரசு ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியுடன் 75 கோடி டாலர் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. கொரோனா நிவாரணத்துக்கான பணம். வங்கியின் தலைமையகம் பெய்ஜிங்கில். அதில் மிகப் பெரிய பங்கு சீனாவுடையது, இரண்டாவது பெரிய பங்கு இந்தியாவுடையது. அதிகமாகக் கடன் வாங்கியிருப்பதும் இந்தியாதான். கையெழுத்தான தேதியை அந்த செப்டம்பரில் நிதித்துறை இணையமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னதும் எதிர்க்கட்சிகள் பிடித்துக்கொண்டன. அரசியலுக்கு நல்ல தீனி. ஆனால் அந்த வங்கியில் இந்தியா யாசகன் இல்லை, பங்காளி. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கும் அங்கிருந்து கடன் வருகிறது; மாதவரத்துக்கும் போரூருக்கும் நடுவே மண்ணைத் தோண்டுகிறவர்கள் லடாக்கை நினைத்துக்கொண்டு தோண்டுவதில்லை.

ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகள் தடை செய்யப்பட்டன. டிவி பெட்டிகளைத் தெருவில் போட்டு உடைத்த காட்சிகள் நினைவிருக்கலாம். வாணிப அமைச்சகத்தின் கணக்குப் புத்தகம் அந்த ஆவேசத்தில் கலந்துகொள்ளவில்லை. 2019–20-ல் சீனாவிலிருந்து நாம் இறக்குமதி செய்தது சுமார் 6,500 கோடி டாலர். 2024–25-ல் அது 11,300 கோடியைத் தாண்டியது. நாம் அங்கே விற்றது 1,400 கோடி சொச்சம். இடைவெளி ஏறக்குறைய 9,900 கோடி டாலர். எல்லையில் இரு பக்கமும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் குளிரில் நின்ற ஆண்டுகளில்தான் இவ்வளவும் வளர்ந்தது. செல்போன் உதிரிபாகம், லித்தியம் பேட்டரி, சோலார் செல், மாத்திரைக்கான மூலப்பொருள் என்று பட்டியல் போட்டால், இவற்றில் பெரும்பாலானவை இந்தியாவில் தயாரிப்போம் என்ற முழக்கத்துக்கே தேவைப்படும் சரக்கு. போனை இங்கே பூட்டுகிறோம் என்றால், பூட்டுவதற்கான பாகம் ஷென்ஜென்னிலிருந்து வர வேண்டும்.

இந்தக் கட்டாயம் எவ்வளவு இறுக்கமானது என்பதை 2025-ல் ஒரு காந்தம் காட்டிக்கொடுத்தது. அமெரிக்கா வரியை ஏற்றியதும் சீனா அந்த ஏப்ரல் 4 அன்று ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. குறி வாஷிங்டன், அடி ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் விழுந்தது. அங்கே தயாராகும் மின்சார ஸ்கூட்டரின் மோட்டாருக்குள், விரலளவு காந்தத் துண்டுகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். சூடேறினாலும் வலு குறையாமலிருக்க அவற்றில் டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். வண்டியின் விலையில் காந்தத்தின் பங்கு அற்பம். அது இல்லாமல் வண்டி நகராது. உலக அருமண் காந்த உற்பத்தியில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவில் நடக்கிறது.

அருமண் நம்மிடம் இல்லாமல் இல்லை. திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற அருமண் கனிமம் இருப்பதை 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டுபிடித்தார். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் அந்த மணலை அரசு நிறுவனம் ஒன்று இன்றும் பிரித்தெடுத்துக்கொண்டிருக்கிறது. நியோடிமியம் அதில் உண்டு. டிஸ்ப்ரோசியம் போன்ற கனமான வகை மிகக் குறைவு. அதைவிடப் பெரிய குறை, மணலைக் காந்தமாக்கும் தொழிற்சாலைச் சங்கிலியைச் சீனா பல பத்தாண்டுகள் பொறுமையாகக் கட்டியபோது நாம் கட்டவில்லை. சுற்றுச்சூழல் கேட்ட விலையையும் சீனா கொடுத்தது. கடற்கரை கிராமங்களின் அச்சத்தை ஒதுக்கிவிட்டு அதே விலையை நாமும் கொடுக்க வேண்டுமா என்பது வேறு விவாதம்.

தலைவர்களின் சந்திப்புகளைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் வேட்டி கட்டிய மோடி, வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு முன்னால் ஷி ஜின்பிங்கின் கையைப் பிடித்து உயர்த்தினார். எட்டு மாதத்தில் கல்வான். 2024 அக்டோபரில் டெப்சாங், டெம்சோக் ரோந்துக்கு உடன்பாடு வந்தது, இரண்டே நாளில் கஸானில் கைகுலுக்கல், தீபாவளிக்கு எல்லையில் இனிப்பு. கூடுதலாகக் கொண்டுபோய்க் குவித்த படைகளை யார் முதலில் திருப்பி அழைப்பது என்ற பேச்சு அப்போதும் முடிந்திருக்கவில்லை.

ஐந்து ஆண்டுக்கு மேல் நின்றிருந்த நேரடி விமானம் 2025 அக்டோபர் 26 இரவு மறுபடி கிளம்பியது. முதலில் திறந்த வழி தில்லி–பெய்ஜிங் இல்லை, கொல்கத்தா–குவாங்சோ. கேன்டன் கண்காட்சி நடக்கும் ஊர் அது. பொத்தான், பாத்திரம், பொம்மை, பூட்டு என்று மொத்தமாக ஆர்டர் கொடுக்க இந்திய வியாபாரிகள் ஆண்டுக்கு இரண்டு முறை போகிற ஊர். இலையுதிர்காலக் கண்காட்சி முடிய அப்போது இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருந்தது.

(அடுத்த இதழில்: திபெத்தின் மெடோக் அணையும் பிரம்மபுத்திராவும்)