முள் நகராத மூன்றாவது வாரம்

மூலக்கொத்தளத்திலிருந்து பழைய ஜெயில் சாலையைப் பிடித்துக் கிழக்கே நடந்தால் ஸ்டான்லி மருத்துவமனை வந்துவிடும். ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பழைய ஆட்களுக்கு அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. 1782-ல் பஞ்சத்துக்குத் தப்பிச் சென்னைக்கு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற இந்தப் பக்கத்தில் மணியக்காரர் சத்திரம் எழுந்தது. 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தார். மருத்துவக் கல்லூரியாக ஆனதெல்லாம் 1938-ல்தான். ஊரில் பசி வந்தபோதெல்லாம் ஜனங்கள் வந்து நின்ற வாசல் அது.

1877-ல், தாது வருஷப் பஞ்சத்தின் நடுவே, அந்தப் பசிக்கு ஒரு கணக்கு சென்னை மாகாணத்தில் போடப்பட்டது. பஞ்ச நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று வைஸ்ராயின் தூதராக வந்த ரிச்சர்ட் டெம்பிள் முடிவு செய்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது மனிதர்களைக் கொல்லும் அளவு என்று சண்டை போட்டார். ஒரு பவுண்டு தானியம் என்பது ஏறக்குறைய 1,600 கலோரி.

இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று உடல் எடைக்காக இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், முதல் மாதத்தில் ஒரு நாளைக்கு உள்ளே இறக்குவது 600, 700 கலோரிதான். டெம்பிள் கொடுத்ததில் பாதிகூட இல்லை. இத்தனை குறைவாகச் சாப்பிட்டும் மூன்றாவது வாரத்தில் எடை மெஷினின் முள் நின்றுவிடுகிறது. சரியாக மூன்றாவது வாரம்தான் என்றில்லை. சிலருக்கு இரண்டாவது, சிலருக்கு ஐந்தாவது. ஆனால் இந்தத் தேக்கம் எட்டிப் பார்க்காதவர் அபூர்வம்.

தமிழ்நாட்டில் இது சிலருக்கு மட்டுமான விஷயம் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல்பருமன் கொண்டவர்கள். அவர்களில் சிறு பகுதியினருக்கு மட்டுமே அறுவை தேவைப்படும். சென்னையில் அரசு மருத்துவமனையிலும் செய்கிறார்கள், தனியாரிலும் செய்கிறார்கள். பெரும்பாலும் செய்யப்படுவது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய்போல விடுவார்கள். இன்னொன்று பைபாஸ்; இது இதயத்துக்குச் செய்வது அல்ல, இரைப்பையில் சிறு பை ஒன்றை மட்டும் பிரித்து நேரே சிறுகுடலில் இணைப்பது.

வீட்டுக்கு வந்த முதல் நாட்கள் எப்படி இருக்கும் என்றால், மேஜையில் ஒரு சின்ன அளவுக் குவளை. இருமல் மருந்து பாட்டிலின் மூடியைவிடக் கொஞ்சம் பெரிது, 30 மில்லி. அதில் வடிகட்டிய பருப்புத் தண்ணீரோ மோரோ. அதை ஒரே மடக்காகக் குடிக்கக் கூடாது. கால் மணி நேரம் எடுத்துச் சப்பிச் சப்பி இறக்க வேண்டும். அவசரப்பட்டால் நெஞ்சில் கல் உட்கார்ந்ததுபோல வலிக்கும். இப்படி இரண்டு வாரம். எடை மளமளவென்று இறங்குகிறது. ஆறு கிலோ, ஏழு கிலோ. அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படியில் பார்ப்பவர்கள் எல்லாம் “இன்னாக்கா, ஆளே பாதியாயிட்ட! எவ்ளோ எறங்கிச்சு?” என்கிறார்கள். அடுத்த வாரம் அதே கேள்விக்கு அதே எண்ணைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கடுத்த வாரமும். பயம் பிடித்துக்கொள்கிறது: லட்சக்கணக்கில் செலவழித்து, இரைப்பையில் பெரும்பகுதியைக் கொடுத்து, எல்லாம் வீணா?

வீணில்லை. அந்த மெஷின் எதை நிறுக்கிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

ஈரலிலும் தசையிலும் உடல் உடனடிச் செலவுக்கு வைத்திருக்கும் மாவுச்சத்தின் பெயர் கிளைகோஜன். மொத்தமாக அரைக் கிலோவுக்கு அருகில் இருக்கும். அது தனியாக இருப்பதில்லை. ஒரு கிராம் கிளைகோஜன் மூன்று கிராமுக்குக் குறையாத தண்ணீரைக் கட்டிவைத்திருக்கிறது. அறுவைக்கு முந்தைய திரவ உணவிலும் பிந்தைய பட்டினியிலும் முதலில் கரைவது இந்தக் கிடங்குதான். கட்டு அவிழ்ந்த தண்ணீர் சிறுநீராகப் போய்விடுகிறது. ஆக, மாடிப்படியில் பாராட்டு வாங்கித் தந்த ஆறு கிலோவில் கணிசமான பங்கு தண்ணீர். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: மருத்துவமனையில் ஏற்றிய சலைன் காரணமாக, டிஸ்சார்ஜ் அன்று போனதைவிடக் கூடுதல் எடையோடு வீடு திரும்புகிறவர்களும் உண்டு.

இனி மூன்றாவது வாரத்துக்கு வருவோம். திரவம் போய், மசித்த உணவு வருகிறது. குழைந்த சோறு ஒரு ஸ்பூன், இட்லி பாதி, மசித்த பருப்பு. ஒரு கணக்குப் போடலாம். 115 கிலோ எடையுள்ள ஒரு பெண்மணியின் உடல் ஒரு நாளைக்கு 2,000 கலோரி செலவழிக்கிறது, அவர் 700 சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 1,300 துண்டு விழுகிறது, வாரத்துக்கு 9,100. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. அப்படியானால் அந்த வாரம் அவர் உடலில் சுமார் 1.2 கிலோ கொழுப்பு கரைந்திருக்க வேண்டும்.

அதே வாரத்தில் மசித்த சோற்றின் புண்ணியத்தில் 150 கிராம் கிளைகோஜன் கிடங்குக்குத் திரும்பினால், கூடவே 450 கிராம் தண்ணீரும் வரும். ஆயிற்று, 600 கிராம். இத்தனை நாள் உப்புச்சப்பில்லாமல் குடித்த நாக்குக்கு, யாரோ கருவாட்டுக் குழம்பின் சாறு இரண்டு ஸ்பூன் விட்டார்கள், ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தார்கள். உடலில் தங்கும் ஒவ்வொரு 9 கிராம் உப்பும் ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்துவைக்கும். 5 கிராம் தங்கினால் அரை லிட்டருக்கு மேல். 600-ம் 550-ம் சேர்ந்தால் 1,150 கிராம். கரைந்த கொழுப்பை வந்த தண்ணீர் ஏறக்குறைய முழுதாக மறைத்துவிட்டது. இதோடு மாதவிடாய் நெருங்கும் நாட்களின் நீர்க்கோப்பும், அறுவைக்குப் பின் சகஜமான மலச்சிக்கலும் சேர்ந்தால் முள் மேலேகூட ஏறும். நான் கொடுத்தது மாதிரிக் கணக்கு. ஆளுக்கு ஆள் எண்கள் மாறும். ஆனால் ஒரு வாரத்துக் கொழுப்பு இழப்பை மூடிமறைக்க எவ்வளவு கொஞ்சம் தண்ணீர் போதும் என்பது புரிந்திருக்கும்.

அந்தக் கொழுப்பு எங்கே போகிறது என்பது இன்னும் வேடிக்கை. இத்தாலியின் பதுவா நகரில் சாந்தோரியோ என்ற மருத்துவர் தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்தே சாப்பிட்டு, கழிவுகளையும் நிறுத்து, ஆண்டுக்கணக்கில் தன் எடையைக் குறித்துவந்தார். உள்ளே போனதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமலேயே மாயமாகிறது என்று 1614-ல் எழுதினார். நான்கு நூற்றாண்டு கழித்து, 2014-ல், ஆஸ்திரேலியர்களான ரூபன் மியர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் கொழுப்புக்கு அந்தக் கணக்கை அணு அணுவாக முடித்துவைத்தார்கள். 10 கிலோ கொழுப்பு கரைந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூக்கு வழியே வெளியேறுகிறது. மிச்சம் 1.6 கிலோ தண்ணீராகிறது. வியர்த்தால் கொழுப்பு உருகும் என்று பாலித்தீன் சட்டையைப் போட்டுக்கொண்டு மெரினாவில் ஓடுகிறவர்களிடம் யாராவது இதைச் சொல்லலாம். உடம்பு இளைப்பது பெரும்பாலும் மூச்சில்.

சரி, எல்லாமே தண்ணீரின் கண்கட்டு வித்தைதானா? இல்லை. இன்னொன்றும் உள்ளே நடக்கிறது, அதற்குத்தான் கஞ்சித்தொட்டியை இழுத்தேன். உடலுக்கு அறுவை சிகிச்சை என்றால் என்னவென்று தெரியாது. வரவு நின்றுவிட்டது என்பது மட்டும் தெரியும். அது பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது.

பஞ்சத்தில் உடல் என்ன செய்யும் என்பதை 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் அளந்து பார்த்தார். போருக்குப் போக மனசாட்சி இடங்கொடுக்காத 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 24 வாரம், நாளுக்கு 1,570 கலோரி அளவில் உணவு. டெம்பிளின் ஒரு பவுண்டுக்கு மிக நெருக்கம். எடையில் கால்பங்கு போயிற்று. நாடித்துடிப்பு தணிந்தது, கோடையிலும் குளிரிற்று, மாடிப்படி மலையாயிற்று. ஓய்வில் உடல் செய்யும் செலவு சுமார் 40 சதவீதம் சுருங்கியது. கணுக்கால்களில் நீர் கோத்தது. எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தவர்களிடமும் தராசை ஏமாற்றியது தண்ணீர்தான்.

அறுவைக்குப் பிறகும் இதே சிக்கனம் ஒரு பங்கு நடக்கிறது. கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் குறைகிறது, தைராய்டின் வேகம் தணிகிறது, ஆள் அறியாமலேயே கைகால் அசைவுகள் குறைகின்றன. சுமக்கும் உடம்பே இளைப்பதால் ஒவ்வொரு அடிக்கும் ஆகும் செலவும் குறைவு. துறைமுகத்தில் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி நடப்பவருக்கு மூச்சு வாங்குவதில்லையே, அதுபோல.

ஆனால் சாதாரணப் பத்தியத்துக்கும் அறுவைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பத்தியத்தில் இளைப்பவருக்குப் பசி கூடிக்கொண்டே போகும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999-ல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரப்பது. ஸ்லீவில் வெட்டி எறிவது அந்தப் பகுதியைத்தான். 2002-ல் அமெரிக்காவில் கமிங்ஸ் குழு அளந்தபோது, பத்தியத்தில் இளைத்தவர்களின் கிரெலின் 24 சதவீதம் ஏறியிருந்தது. பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கோ சாதாரண எடை உள்ளவர்களைவிட 77 சதவீதம் குறைவு. பஞ்சம் வந்துவிட்டது என்று உடல் அலறுகிறது, ஆனால் பசி என்ற மணியின் நாக்கை யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அடுப்படியில் நிற்கும்போதே கையை நீட்டாமல் இருக்க முடிவது மன உறுதியால் மட்டுமில்லை. மெலிந்தவரை “கட்டுப்பாடானவர்” என்று மெச்சுவதும் பருத்தவரைச் “சோம்பேறி” என்பதும் ஹார்மோன் தெரியாத பேச்சு.

உடலின் சிக்கனம்கூட அறுவையில் நிரந்தரமில்லை. எடை குறைப்பு டிவி போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரைக் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் ஆறு ஆண்டு கழித்து அளந்தார். எடை திரும்பிவந்த பிறகும் அவர்கள் உடல் எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்தது. ஆனால் பைபாஸ் செய்தவர்களிடம் ஆறாவது மாதம் தெரிந்த சிக்கனம் பன்னிரண்டாவது மாதம் காணாமல் போயிருந்தது. எடை ஒரு நிலைக்கு வந்ததும் உடல் பயம் தெளிகிறது போலும்.

ஆகவே மூன்றாவது வாரத்தில் முள் நின்றால் செய்யக் கூடாத முதல் காரியம், சாப்பாட்டை இன்னும் குறைப்பது. இழக்கும் எடையில் ஒரு பங்கு தசையிலிருந்தும் போகிறது. பட்டினியைக் கூட்டினால் அந்தப் பங்கு கூடும். நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்பது பொதுவான இலக்கு. அவரவர் உணவியலாளர் சொன்னதே கடைசி வார்த்தை. வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம், காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறது. மசித்த உணவுக்கு அனுமதி கிடைத்ததும், எண்ணெயும் காரமும் குறைத்து, முள் நீக்கி உதிர்த்த சுறாப்புட்டு இரண்டு ஸ்பூன் என்பது, என்னைக் கேட்டால், டப்பாப் பவுடரைவிட மேல். அதோடு முட்டை, பன்னீர், சுண்டல் மசியல். தண்ணீர் ஒன்றரை லிட்டராவது, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக, சாப்பாட்டோடு சேர்க்காமல். பிறகு நடை.

மெஷினை வாரம் ஒருமுறை மட்டும், காலையில், கழிவறை போய்வந்த பிறகு மிதித்தால் போதும். தினமும் ஏறி நிற்பவர் தண்ணீரின் ஏற்ற இறக்கத்தைத்தான் படிக்கிறார். தையற்காரரின் டேப் இதைவிட உண்மை பேசும். எடை அசையாத வாரத்திலும் இடுப்பில் அரை அங்குலம் குறைந்திருக்கும், மோதிரம் சுழலும், ரவிக்கையைப் பிடிக்கக் கொடுக்க வேண்டியிருக்கும்.

எல்லாத் தேக்கமும் தண்ணீர் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரோஸ்மில்க், பாதாம் பால், ஐஸ்கிரீம் இவற்றுக்குச் சிறுத்த இரைப்பை தடை போடாது, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். ஒரு மாதத்துக்கு மேல் முள் நிற்கிறது என்றால் உணவியலாளரிடம் போய்க் குடித்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்வது நல்லது. வாந்தி நிற்காமல் இருந்தால் அந்த ஒரு மாதம்வரை காத்திருக்கவே கூடாது. வைட்டமின் பி1 சில வாரங்களில் தீர்ந்துபோய், கண் அசைவும் நடையும் தடுமாறி, மூளையே பாதிக்கப்படலாம். காய்ச்சல், கடும் வயிற்றுவலி, படபடக்கும் நாடி இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பெரும்பாலோருக்கு ஒன்று முதல் மூன்று வாரத்தில் முள் மறுபடி இறங்கத் தொடங்கிவிடும், பெரும்பாலும் காரணம் சொல்லாமல் ஒரே இரவில் ஒரு கிலோ. பிறகும் நிற்கும், பிறகும் இறங்கும். உண்மையான நிறுத்தம் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கழித்து, வரவும் செலவும் சமமாகும்போது வருகிறது. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய பெரிய ஆய்வில் பைபாஸ் செய்துகொண்டவர்கள் ஓரிரு ஆண்டில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்தார்கள். பத்தாவது ஆண்டில் அது 25 சதவீதமாக நின்றது. நம் 115 கிலோப் பெண்மணி பைபாஸ் செய்துகொண்டு இந்தச் சராசரிப்படி போனால் முதலில் 78-ஐத் தொடுவார், பத்து ஆண்டில் 86-ல் இருப்பார். அந்த 86-ல் முள் வருஷக்கணக்காக அசையாமல் நிற்பதைத்தான் அறுவை வெற்றி என்று மருத்துவர்கள் அவர் ஃபைலில் எழுதுவார்கள்.