சென்னை வெளியேற்றங்கள்ல சாதி எங்க இருக்கு? மூணு சட்டம், மூணு விதிவிலக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகத் திருத்திச் சுருக்கப்பட்டது.)

ஓ.எம்.ஆர்.ல வேலை பாக்கறவங்க நிறைய பேர் இந்த பாட்காஸ்ட் கேக்கறீங்க. இன்னைக்குப் பேசப்போற இடங்கள் அந்த ரோட்டுல இருந்து சில கிலோமீட்டர் உள்ள தள்ளித்தான் இருக்கு. துரைப்பாக்கம் பக்கம் கண்ணகி நகர், இன்னும் தெற்கே போனா செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். மூணுமே மறுகுடியமர்வுப் பகுதிகள். 2000ல கண்ணகி நகர்ல ஆரம்பிச்சு, மூணு இடத்துலயும் சேர்த்து அரசு 40,000க்கும் அதிகமான வீடுகள் கட்டியிருக்கு. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் கரைகள்ல இருந்தும், நகரத்தோட நடைபாதைகள்ல இருந்தும், சுனாமி பாதிச்ச குப்பங்கள்ல இருந்தும் அப்புறப்படுத்தப்பட்டவங்க இங்க இருக்காங்க.

இதைப் பத்திப் பேசினாலே வழக்கமா ஒரு பதில் வரும். "இதுல சாதி எங்க வந்துச்சு? ஆக்கிரமிப்பை எடுத்தாங்க, மாத்து வீடு குடுத்தாங்க, அவ்ளோதானே?" இந்தக் கேள்வியைத் தள்ளிவிடாம பதில் சொல்லிப் பாக்கலாம்.

யார் ஆத்தங்கரையில இருந்தாங்க?

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவோட நகரங்கள்ல ஏறக்குறைய எட்டுல ஒருத்தர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். குடிசைப் பகுதிகளை மட்டும் எடுத்தா அஞ்சுல ஒருத்தர். சென்னையில மொத்தமா பட்டியல் சாதி மக்கள் சுமார் 17 சதவீதம். ஆனா மறுகுடியமர்வுப் பகுதிகள்ல பெரும்பகுதி தலித் குடும்பங்கள்தான்னு அங்க வேலை செய்யற களப்பணியாளர்கள் தொடர்ந்து சொல்றாங்க. மீனவர்கள், முஸ்லிம்கள், மத்த சாதி ஏழைகளும் அங்க இருக்காங்க. அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா சுமை யார் மேல அதிகமா விழுதுன்னு பாத்தா விடை தெளிவாவே தெரியும்.

அவங்க ஏன் ஆத்தங்கரைக்கு வந்தாங்க? கிராமத்துல நிலம் இல்ல. செங்கல்பட்டு கலெக்டரா இருந்த டிரெமென்ஹீர் 1891ல இதைப் பத்தி ஒரு அறிக்கை குடுத்தார். அதுக்கு அடுத்த வருஷம் ஆங்கில அரசு ஆணை போட்டுச்சு. அப்படி ஒதுக்கப்பட்டதுதான் பஞ்சமி நிலம். மெட்ராஸ் மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர்னு பொதுவா சொல்வாங்க. மத்த சாதிக்காரங்க வாங்கக் கூடாதுன்னு அதுல நிபந்தனையும் இருந்துச்சு. ஆனா அதுல பெரும்பங்கு கைமாறிப் போச்சு. மீட்கச் சொல்லி இன்னைக்கும் போராட்டம் நடக்குது. நிலமில்லாத கூலிக் குடும்பங்கள் நகரத்துக்கு வந்தப்போ, வாடகைக்கு வீடு தேடினாலும் "நீங்க என்ன ஆளுங்க"ன்னு கேள்வி வந்துச்சு. வேற யாரும் வேணாம்னு விட்ட இடம் எதுவோ, அங்கதான் குடிசை போட முடிஞ்சது.

அதனால "ஆக்கிரமிப்பு"ங்கற வார்த்தை கதையோட கடைசிப் பக்கத்தை மட்டும் படிக்குது.

மூணு சட்டம், மூணு விதிவிலக்கு

நான் கோடு எழுதற ஆளு. ஒரு ஃபங்ஷன்ல விதி ஒண்ணு இருக்கும், அது யாருக்குப் பொருந்தாதுன்னு ஒரு எக்ஸப்ஷனும் இருக்கும். சில சமயம் ஒவ்வொரு எக்ஸப்ஷனும் தனித்தனியா பாத்தா நியாயமாத் தெரியும். எல்லாத்தையும் சேர்த்து ஓட்டினா ஒரே யூசர் மட்டும் ஒவ்வொரு தடவையும் வெளிய விழுவார். இங்க நடக்கறது அதுதான்.

முதல் சட்டம், 1971ல வந்த தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டம். ஒரு இடத்தைக் குடிசைப் பகுதின்னு அரசு முறையா அறிவிச்சா, அங்க மேம்பாட்டு வேலை நடக்கணும். அகற்றணும்னா நோட்டீஸ் குடுத்து ஆட்சேபம் கேக்கணும். நல்ல சட்டம். அன்னைக்கு சென்னையில 1,202 பகுதிகளை அறிவிச்சாங்க. 1985ல இன்னொரு 17. அதோட நின்னு போச்சு. அதுக்கப்புறம் உருவான பகுதிகளும் சரி, ஏற்கெனவே இருந்து பட்டியல்ல விடுபட்ட பகுதிகளும் சரி, இந்தச் சட்டத்தோட கண்ணுக்கே தெரியாது. பாதுகாப்பு இருக்கு, ஆனா அதுக்குள்ள போற கதவை மூடி நாப்பது வருஷம் ஆச்சு.

ரெண்டாவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இதோட பிரிவு 3(1)(இசட்), பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவரை வீட்டை விட்டோ ஊரை விட்டோ வெளியேற வைக்கிறது குற்றம்னு சொல்லுது. விதிகள்ல நிவாரணமும் இருக்கு: அதே இடத்துல வாழற உரிமையைத் திருப்பித் தரணும், ஒரு லட்சம் ரூபாய் தரணும், வீடு அழிஞ்சிருந்தா அரசு செலவுல கட்டித் தரணும். ஆனா அந்தப் பிரிவுக்குக் கீழயே ஒரு வரி இருக்கு. பொதுக் கடமையை நிறைவேத்தறதுக்காக எடுத்த நடவடிக்கைக்கு இது பொருந்தாது. அதாவது ஆதிக்க சாதிக் கூட்டம் வீட்டை இடிச்சா வன்கொடுமை. ஜேசிபியோட அதிகாரி வந்து இடிச்சா கடமை. தெருவுல உக்காந்திருக்கற குடும்பத்துக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனா ஒண்ணுல நிவாரணம் உரிமை, இன்னொண்ணுல அது அதிகாரி குடுத்தா உண்டு.

மூணாவது, "புல்டோசர் தீர்ப்பு"ன்னு நம்ம எல்லாரும் ஷேர் பண்ணினது. 2024 நவம்பர் 13ல உச்ச நீதிமன்றம் சொன்னது: இடிக்கிறதுக்கு முன்னாடி குறைஞ்சது 15 நாள் நோட்டீஸ் குடுக்கணும், நேர்ல விசாரிக்கணும், இடிக்கிறதை வீடியோ எடுக்கணும், மீறினா அதிகாரியே இழப்பீடு தர வேண்டியிருக்கும். கைதட்டினோம். ஆனா அதே தீர்ப்பு, சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு, நீர்நிலை மாதிரி இடங்கள்ல இருக்கற அனுமதியில்லாத கட்டுமானங்களுக்கு இந்த வழிகாட்டுதல் பொருந்தாதுன்னும் சொல்லுது. நீதிமன்றமே இடிக்கச் சொன்ன இடத்துக்கும் பொருந்தாது. சென்னையில எங்க வெளியேற்றம் நடக்குதுன்னு யோசிங்க. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய், ரயில் பாதை ஓரம். பல தடவை நீதிமன்ற உத்தரவோட.

இந்த மூணு விதிவிலக்குல எதுலயும் சாதிங்கற வார்த்தை கிடையாது. ஆனா மூணுலயும் விழறது பெரும்பாலும் ஒரே மக்கள். "இதுல சாதி எங்க"ன்னு கேட்டா, என் பதில் இதுதான்: யாருக்கு விதி, யாருக்கு விதிவிலக்குன்னு பிரிக்கற கோட்டுல இருக்கு.

சத்தியவாணி முத்து நகர்

ஒரு இடத்தை எடுத்துப் பாக்கலாம். சென்ட்ரல் பக்கம், கூவம் கரையில சத்தியவாணி முத்து நகர். சத்தியவாணி முத்து யார்னு தெரியாதவங்களுக்கு: தி.மு.க.வோட ஆரம்ப கால தலித் தலைவர், அமைச்சரா இருந்தவங்க. ஒடுக்கப்பட்டவங்களைக் கட்சி கவனிக்கலைன்னு 1974ல வெளிய வந்து, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம்னு தனிக் கட்சி ஆரம்பிச்சாங்க. பின்னால 1979ல மத்திய அமைச்சரும் ஆனாங்க.

அவங்க பேர்ல இருந்த அந்தக் குடியிருப்புல, 2019 டிசம்பர் கடைசியில வெளியேற்றம் ஆரம்பிச்சுது. சுமார் 2,000 குடும்பங்கள். போன இடம் பெரும்பாக்கம், 25 கிலோமீட்டருக்கு மேல. டிசம்பர்னா பள்ளி வருஷத்தோட நடுப்பகுதி. பொதுத் தேர்வுக்கு ரெண்டு மூணு மாசம்தான் இருக்கும். பிள்ளையோட பள்ளி சென்ட்ரல்ல, வீடு பெரும்பாக்கத்துல. அம்மா வீட்டு வேலை பாக்கற இடம் புரசைவாக்கம்னா, காலையில ஆறு மணிக்கு அங்க இருக்கறதுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும், எந்த பஸ்? ஒரு மாசம் பாத்துட்டு வேலையை விடறவங்கதான் அதிகம். குடும்பத்துல ஒரு சம்பளம் அங்கயே போச்சு.

இதைத்தான் நான் அலட்சியம்னு சொல்றேன். வீடு கட்டினாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா எட்டு மாடி பிளாக்குகளை முதல்ல கட்டி ஆட்களைக் கொண்டு வந்துட்டு, பள்ளி, பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் பின்னால மெதுவா வந்தா, அது திட்டத்துல விட்ட ஓட்டை. 2000ல கண்ணகி நகர்ல பாத்த ஓட்டையை இருபது வருஷம் கழிச்சு பெரும்பாக்கத்துலயும் பாத்தா, அதைத் தெரியாம நடந்ததுன்னு சொல்ல முடியாது.

"அப்போ ஆத்தங்கரையிலயே இருக்கட்டும்கறீங்களா?"

நியாயமான கேள்வி. 2015 வெள்ளத்தை நம்ம எல்லாரும் பாத்தோம். ஆத்தங்கரையில வாழறது ஆபத்துதான். அந்த மக்களுக்கும் அது நம்மள விட நல்லாத் தெரியும்.

ஆனா ரெண்டு விஷயம் இடிக்குது. ஒண்ணு, வெள்ளத்துல இருந்து காப்பாத்தறோம்னு கொண்டு போன இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டின தாழ்வான பகுதி. அதே 2015ல செம்மஞ்சேரியில தண்ணி நின்னுச்சு. ரெண்டு, ஆறு எல்லாருக்கும் ஒரே மாதிரி புனிதமா இல்ல. பறக்கும் ரயிலோட தூண்கள் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளயே நிக்குது. துறைமுகம் - மதுரவாயல் மேம்பாலத்தோட தூண்களைக் கூவத்துல நட்டு, 2012ல வேலை நின்னு, வருஷக்கணக்கா அப்படியே கிடந்துச்சு. அதெல்லாம் வளர்ச்சித் திட்டம். ஓலையும் தகரமும் மட்டும் ஆக்கிரமிப்பு.

வேற வழி இல்லையான்னா, இருந்துச்சு. 1970ல குடிசை மாற்று வாரியம் ஆரம்பிச்சப்போ, முடிஞ்ச வரைக்கும் அதே இடத்துலயோ பக்கத்துலயோ மாடி வீடு கட்டறதுதான் வழக்கம். மெரினா பக்கம் நொச்சிக்குப்பத்துல அப்படித்தான் கட்டினாங்க. 2000க்கு அப்புறம் நகரத்துக்குள்ள நில விலை ஏற ஏற, வீடுகள் நகரத்தோட விளிம்புக்குப் போயிடுச்சு. 2021ல வாரியத்தோட பேரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு மாத்தினாங்க. "குடிசை"ங்கற வார்த்தையை எடுத்தது நல்லதுதான். அதே வருஷம் மறுகுடியமர்வுக்கு ஒரு வரைவுக் கொள்கையும் வெளியிட்டாங்க. ஆனா வரைவை வெச்சு யாரும் கோர்ட்டுல உரிமை கேக்க முடியாது.

முகவரியே சாதி ஆகும்போது

கிராமத்துல ஊர் வேற, சேரி வேற. நகரத்துல அது கிடையாதுன்னு நம்ம நம்பறோம். ஆனா பல இடத்துல இருந்து ஏழை தலித் குடும்பங்களை எடுத்து, ஒரே இடத்துல, நகரத்துக்கு வெளிய, ஆயிரக்கணக்குல குவிச்சா அதுக்கு வேற என்ன பேரு? கண்ணகி நகர்னு முகவரி குடுத்தா வேலை கிடைக்காதுன்னு, துரைப்பாக்கம்னு எழுதற பசங்களைப் பத்தி பல வருஷமா செய்தி வருது. சாதிச் சான்றிதழ் கேக்கவே தேவையில்ல, பின்கோடே போதும்.

2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் போட்டியில, இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் ஜெயிச்சுது. துணை கேப்டன் கார்த்திகாவை ஊரே "கண்ணகி நகர் கார்த்திகா"ன்னு கூப்பிட்டுச்சு. மறைச்சு எழுதின அந்த முகவரி, பேருக்கு முன்னாடி பட்டம் மாதிரி நின்னுச்சு. எனக்கும் சந்தோஷம்தான். ஆனா ஒரு சாதாரணப் பையன் தன்னோட சொந்த முகவரியைப் பயோடேட்டால எழுத, தங்கப் பதக்கம் ஜெயிக்க வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது.

நம்ம என்ன பண்ணலாம்?

மூணு விஷயம் சொல்லி முடிச்சுக்கறேன்.

ஒண்ணு, கேள்வி கேக்கலாம். வெளியேத்தப்பட்ட குடும்பங்கள்ல எத்தனை பட்டியல் சாதிக் குடும்பம், எத்தனை பிள்ளைங்க பள்ளியை விட்டாங்க, எத்தனை பேருக்குக் கிரையப் பத்திரம் கிடைச்சுது? ஒதுக்கீட்டு ஆணை வேற, கிரையப் பத்திரம் வேற. முதல்லது தங்கறதுக்கு, ரெண்டாவதுதான் சொந்தம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள்ல பதில் தரணும். எண்ணிக்கை பொதுவெளிக்கு வந்தாத்தான் "இதுல சாதி இல்ல"ங்கற வாதத்தைச் சோதிக்க முடியும்.

ரெண்டு, உங்க ஏரியாவுல வெளியேற்றம் நடந்தா சும்மா ஸ்டோரி மட்டும் போடாதீங்க. நோட்டீஸ் எப்போ குடுத்தாங்க, பள்ளி வருஷம் முடியற வரைக்கும் தள்ளிப் போட முடியாதான்னு கேளுங்க. மனு போட தேசியப் பட்டியல் சாதி ஆணையம் இருக்கு, தமிழ்நாட்டுல மாநில ஆணையமும் இருக்கு.

மூணு, இது ஓ.எம்.ஆர். மக்களுக்கு. உங்க ஆபீஸ்ல ஹவுஸ்கீப்பிங்லயும் செக்யூரிட்டியிலயும் கண்ணகி நகர், பெரும்பாக்கத்துல இருந்து வர்றவங்க இருப்பாங்க. டெவலப்பர், டெஸ்டர் சீட்ல எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க. ஆள் எடுக்கற இடத்துல நீங்க இருந்தா, முகவரியைப் பாத்து ஒரு ரெஸ்யூமே ஓரமா போகுதான்னு கவனிங்க. அங்க ஒரு விதிவிலக்கை நீக்கறது உங்க கையிலதான் இருக்கு.

இன்னைக்கு இவ்ளோதான். மறுகுடியமர்வுப் பகுதியில வளர்ந்தவங்க கேட்டுக்கிட்டு இருந்தா, எங்களுக்கு எழுதுங்க. பேர் சொல்ல விருப்பம்னா பேரோட, இல்லன்னா பேர் இல்லாம. அடுத்த எபிசோடுல உங்க கேள்விகளை எடுத்துப் பேசலாம்.