அடிச்சு ஆடுற டெக்: 60 கார்டு, ஒரு கேன், ஒரு தம்பி

நம்மள்ல பாதிப் பேருக்கு ரெஸ்லிங் கார்டுன்னா ட்ரம்ப் கார்டு தான் ஞாபகம் வரும். கோவிலம்பாக்கத்துல எங்க தெரு முனை பெட்டிக்கடையில, மிட்டாய் பாட்டிலுக்கு மேல தொங்கும். ஒரு பக்கம் ரெஸ்லர் போட்டோ, கீழே ரேங்க், ஹைட், வெயிட், செஸ்ட், பைசெப்ஸ், ஃபைட்ஸ் ஃபாட், ஃபைட்ஸ் வன். பிக் ஷோ கையில இருந்தா வெயிட் கேளு. கிரேட் காளி இருந்தா ஹைட் கேளு. ரே மிஸ்டீரியோ வந்துட்டா ஹைட், வெயிட் பக்கமே போகாதே, வேற ஏதாவது சொல்லித் தப்பிச்சுக்கோ. அவ்ளோதான் மொத்த ஸ்ட்ராட்டஜி. ரேங்க் தவிர மத்ததுல எந்த எண் பெருசோ அது ஜெயிக்கும்.

இந்தப் பழக்கம் எனக்குள்ள எவ்ளோ ஆழமா போயிருந்ததுன்னு போன வருஷம் தான் தெரிஞ்சுது. பெரியம்மா பையன் வீடு காலி பண்ணும்போது ஒரு ஷூ பெட்டி நிறைய கார்டு கொண்டு வந்து எங்க வீட்டுல போட்டுட்டுப் போனான். பெயர் ரா டீல். காமிக் இமேஜஸ்ங்கிற அமெரிக்க கம்பெனி 2000-ல கொண்டு வந்து 2007 வரைக்கும் நடத்தின கலெக்டிபிள் கார்டு கேம். அதாவது பாக்கெட் பாக்கெட்டா வாங்கி, சேர்த்து, நம்ம டெக்கை நாமே கட்டணும். இது ஆரம்பிச்சப்போ கம்பெனி பேரே டபிள்யூடபிள்யூஎஃப் தான், 2002-ல தான் டபிள்யூடபிள்யூஇ ஆச்சு. அதனால பெட்டிக்குள்ள ஜான் சீனாவை எதிர்பார்த்துப் போன என் தம்பிக்குக் கிடைச்சது மேன்கைண்ட். முகமூடி போட்ட அந்த ஆளைப் பார்த்ததும் அவனுக்குப் பிடிச்சுப் போச்சு. நான் கேனை எடுத்துக்கிட்டேன்.

அடுத்து நடந்தது பதினோரு ஆட்டம், பதினோரு தோல்வி. அவன் பிளஸ் டூ. நான் ப்ராபபிலிட்டில 'ஓ' கிரேடு. இந்தக் கட்டுரை அந்த அவமானத்துல இருந்து வந்தது தான்.

முதல்ல ஆட்டம் எப்படின்னு சொல்லிடறேன். ஒவ்வொருத்தருக்கும் ஒரு சூப்பர்ஸ்டார் கார்டு, அதுக்குக் கீழே 60 கார்டு. அந்த 60-க்குப் பேரு ஆர்சனல். உங்க உயிரும் அதுதான், ஆயுதமும் அதுதான். நான் 5 டேமேஜ் அடி ஒண்ணு அடிச்சா, நீங்க உங்க ஆர்சனல்ல மேல இருந்து 5 கார்டைத் திருப்பி ரிங்சைட்ங்கிற குப்பைக் குவியல்ல போடணும். ஆர்சனல் காலியானா கதை முடிஞ்சுது. ஒரு டர்ன்ல ஒரு அடிதான்னு கணக்கு கிடையாது. கையில கார்டு இருக்கிற வரைக்கும், எதிராளி தடுக்காத வரைக்கும் அடிச்சுட்டே போகலாம்.

ஆனா எல்லா அடியையும் எப்ப வேணா போட முடியாது. ஒவ்வொரு கார்டுலயும் ஃபார்டிட்யூட்னு ஒரு எண் இருக்கும். இதுவரைக்கும் வெற்றிகரமா அடிச்சு மேஜையில நிக்கிற கார்டுகளோட டேமேஜ் கூட்டல் தான் உங்க ஃபார்டிட்யூட். பெரிய அடிக்குப் பெரிய எண் வேணும். சாப், பஞ்ச் மாதிரி அடிப்படை அடிகளுக்கு 0 போதும். முதல் அஞ்சு நிமிஷம் சும்மா குத்திக்கிட்டு, கடைசியில தான் ஃபினிஷர் போடுவாங்க இல்லையா, டிவியில பார்த்த அதே லாஜிக்.

தடுக்கிறதுக்குப் பேரு ரிவர்ஸல். ஸ்டெப் அசைட் ஸ்ட்ரைக்கைத் தடுக்கும், எஸ்கேப் மூவ் கிராப்பிளைத் தடுக்கும், பிரேக் தி ஹோல்ட் சப்மிஷனைத் தடுக்கும். கையில இருந்தும் போடலாம். ஆனா இந்த கேமோட அழகே அடுத்த விஷயம் தான். அடி வாங்கி கார்டு திருப்பிட்டு இருக்கும்போது நடுவுல பொருத்தமான ரிவர்ஸல் ஒண்ணு வந்துட்டா, அங்கேயே அடி நிக்கும். அடிச்சவரோட டர்னும் அதோட க்ளோஸ்.

என் முதல் டெக்கை ட்ரம்ப் கார்டு மூளையோட கட்டினேன். பெட்டியைக் கொட்டி, டேமேஜ் பெருசா இருந்ததை எல்லாம் அள்ளினேன். ஃபார்டிட்யூட் 0 அடிகள் மொத்தம் 9 தான். சின்னக் குத்தை வச்சு என்ன பண்றதுன்னு ஒரு நினைப்பு. கேனோட ஹேண்ட் சைஸ் 7, அதாவது ஆரம்பத்துல 7 கார்டு எடுப்பேன். 60-ல 9 இருந்து, 7 எடுத்தா ஒண்ணு கூட வராம இருக்க வாய்ப்பு எவ்ளோ? 51/60, 50/59, 49/58ன்னு ஏழு பின்னத்தைப் பெருக்கிப் பாருங்க. 30 சதவீதம். பத்துல மூணு ஆட்டம், ஆட முடியாத கையோட ஆரம்பிக்கிறேன். அந்த நேரத்துல தம்பி ஜாலியா குத்திட்டு இருப்பான். அந்த எண்ணை 18 ஆக்கினா 7 சதவீதம். 24 ஆக்கினா 2 சதவீதம் சொச்சம். ஒரே கார்டைப் பொதுவா 3 காப்பிக்கு மேல வைக்க முடியாது. அதனால 24 வேணும்னா எட்டு விதமான சின்ன அடி தேடணும். ஷூ பெட்டியில ஏழு தான் தேறுச்சு. எட்டாவதை மேடவாக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில அடிச்சு, பழைய கார்டு மேல ஒட்டினேன். வீட்டுக்குள்ள ஆடறதுக்கு யாரு கேட்கப் போறா.

இது முதல் பாதி தான். பெரிய கார்டுக்கு இதைவிட மோசமான ஒரு பிரச்சினை இருக்கு. அது புரிய எனக்கு ஒன்பது தோல்வி ஆச்சு.

தம்பியோட ஆர்சனல்ல 50 கார்டு மீதி இருக்குன்னு வைங்க. அதுல 10 கார்டு என் அடியைத் தடுக்கக்கூடிய ரிவர்ஸல். நான் 2 டேமேஜ் குத்து விடறேன். ரெண்டு கார்டும் ரிவர்ஸலா இல்லாம தாண்டிப்போக வாய்ப்பு 64 சதவீதம். 4 டேமேஜ்னா 40. 10 டேமேஜ்னா வெறும் 8. கார்டுல 10னு எழுதியிருக்கு, ஆனா சராசரியா எத்தனை கார்டு திரும்பும்னு கூட்டிப் பார்த்தா 4.3 தான் வருது. 2 டேமேஜ் கார்டுக்கு அதே கணக்கு 1.8. அஞ்சு மடங்கு பெருசா அச்சடிச்ச கார்டு, உண்மையில ரெண்டரை மடங்கு கூட இல்லை.

சரி, 4.3னாலும் 1.8-ஐ விட அதிகம் தானேன்னு கேட்பீங்க. நானும் கேட்டேன். ஆனா ரிவர்ஸ் ஆன அடி மேஜையில நிக்காது, நேரா ரிங்சைட் குவியலுக்குப் போயிடும். ஃபார்டிட்யூட் ஏறாது. கையில மிச்சம் இருக்கிற கார்டையும் அந்த டர்ன்ல போட முடியாது. சின்னக் குத்து மூணுல ரெண்டு தடவை தாண்டுது, தாண்டினதும் மேஜையில உட்காருது, அடுத்த அடிக்கு வழி விடுது. அடிச்சு ஆடுறதுன்னா பெருசா அடிக்கிறதுன்னு நான் நினைச்சுட்டு இருந்தேன். இந்த கேம்ல அது, டர்ன் முடியாம எத்தனை அடி கோர்க்க முடியுதுங்கிறது.

அதுக்காக எல்லாமே குத்தா இருந்தாலும் மாட்டிக்குவீங்க. டர்னுக்கு ஒரு கார்டு தான் எடுக்கிறோம், நாலு குத்து விட்டா கை காலி. இங்கே தான் சாப் மாதிரி கார்டு காப்பாத்தும். அடியா போடாம தூக்கிப் போட்டா பதிலுக்கு ஒரு கார்டு எடுத்துக்கலாம். தேவைப்பட்டா அடி, தேவையில்லைன்னா டிக்கெட். கிக் ஆசை காட்டும், ஆனா அடிச்சதும் உங்க ஆர்சனல்ல இருந்தும் ஒரு கார்டு போகும். மூணு வச்சிருந்தேன், ஒண்ணாக் குறைச்சுட்டேன். அப்புறம் எல்போ டு தி ஃபேஸ்னு ஒரு ரிவர்ஸல் இருக்கு, 7 அல்லது அதுக்குக் கீழே டேமேஜ் உள்ள எந்த அடியையும் தடுக்கும். அந்த வேலியைத் தாண்டறதுக்காக மட்டும் நாலு பெரிய கார்டை விட்டு வச்சேன். அதுக்கு மேல வேணாம்.

இப்ப என் டெக்: ஃபார்டிட்யூட் 0 அடி 24, நடுத்தரம் 12, பெருசு 4, ரிவர்ஸல் 14, ஆக்‌ஷன் 6. ரிவர்ஸல் 14 எதுக்குன்னு க்ளாஸ்ல ஒருத்தன் கேட்டான். அடிச்சு ஆடுறவனுக்கும் கவசம் வேணும். அதுவும் என் ஆர்சனல்ல தானே கிடக்கு, அவன் அடிக்கும்போது தானா திரும்பி அவன் டர்னை முடிச்சுக் கொடுக்கும்.

இந்த டெக்கோட மொட்டை மாடிக்குப் போனேன். கீழே மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டுல இருந்து புழுதி மேலே வரைக்கும் வரும், கார்டு பறக்காம இருக்க ஒவ்வொரு குவியல் மேலயும் ஒரு கல்லு. பத்தாவது ஆட்டம். தோத்தேன். பதினொண்ணாவதும் தோத்தேன்.

ஏன்னா மேன்கைண்ட். அவனுக்கு விழற எல்லா அடியும் ஒரு டேமேஜ் குறையும். 2 டேமேஜ் குத்து 1 ஆகுது. சாப் 1 டேமேஜ், அது அவனுக்குக் கொசுக்கடி கூட இல்லை. நான் பாடுபட்டுக் கட்டின டெக்கோட அடித்தளத்தையே அந்த ஒரு வரி பாதியாக்குது. போதாததுக்குத் தம்பி நான் ஸ்ட்ரைக் நிறைய வைக்கிறேன்னு கவனிச்சு, பிரேக் தி ஹோல்ட் மூணையும் எடுத்துட்டு நீ டு தி கட் மூணு போட்டுட்டான். அது 7-க்குள்ள இருக்கிற ஸ்ட்ரைக்கைத் தடுக்கும். பிளஸ் டூ பையன்.

ரெண்டு நாள் யோசிச்சேன். கேனுக்குப் பதிலா ஸ்டோன் கோல்டுக்கு மாறலாமான்னு கூட நினைச்சேன். அவனுக்கு டர்னுக்கு ஒரு தடவை ஒரு கார்டு எடுத்து ஒரு கார்டை அடியில வைக்கிற வசதி இருக்கு, கை நல்லா அமையும். ஆனா மேன்கைண்ட் கார்டை மறுபடி படிச்சப்போ தான் முதல் பாதி கண்ணுல பட்டுது. அவன் டர்னுக்கு 2 கார்டு கட்டாயம் எடுக்கணும். எடுக்கலாம் இல்லை, எடுத்தே ஆகணும். ஆர்சனல் தான் உயிர்னா, அவன் டர்னுக்கு ரெண்டு உயிரைத் தானே குடிச்சுட்டு இருக்கான். கேனோட சக்தி என்னன்னா, என் டர்ன் ஆரம்பத்துல எதிராளி ஒரு கார்டைத் திருப்பணும். அது அடி இல்லை, அதனால அதை ரிவர்ஸ் பண்ண முடியாது, மேன்கைண்டோட தள்ளுபடியும் அதுக்குச் செல்லாது.

கணக்கு போடுங்க. மேன்கைண்ட் ஹேண்ட் சைஸ் 2, ஆரம்பத்துல ஆர்சனல்ல 58. பத்து டர்ன்ல அவனே 20 எடுக்கிறான், கேன் 10 திருப்பறான். மிச்சம் 28. என் பக்கம் 53, பத்து டர்ன்ல நான் எடுக்கிறது 10, மிச்சம் 43. நான் 28 அடிக்கணும், அவன் 43 அடிக்கணும். இதை நான் பதினோரு ஆட்டமா பார்க்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அவசரப்பட்டு, கையைக் காலி பண்ணி, நாலாவது டர்ன்லயே சும்மா உட்கார்ந்திருந்தேன்.

டெக்குல ரெண்டே மாற்றம். சாப் மூணையும் அடியா நினைக்கிறதை விட்டுட்டேன், அது இனிமே கார்டு எடுக்க மட்டும். அப்புறம் ஐரிஷ் விப் மூணு. அது ஒரு ஆக்‌ஷன், அடுத்து வர்ற ஸ்ட்ரைக்குக்கு 5 டேமேஜ் கூடும், மேன்கைண்ட் ஒண்ணு கழிச்சாலும் நாலு மிச்சம். தேவைப்படற வரைக்கும் கையிலயே வச்சிருக்கணும், முதல் டர்ன்ல வந்துட்டா ஆசைப்பட்டு வீசக் கூடாது.

பன்னிரண்டாவது ஆட்டம் போன ஞாயிறு சாயங்காலம். ஒன்பதாவது டர்ன்ல தம்பியோட குவியல் மேல இருந்த கல்லை எடுத்துப் பார்த்தான், கீழே மூணு கார்டு தான். அவன் டர்ன், ரெண்டு எடுத்தாகணும். எடுத்தான், அடிச்சான், என்னை முடிக்க முடியலை. என் டர்ன் வந்ததும் நான் கையில இருந்து எதையும் போடலை. கேன் கார்டை மட்டும் விரலால தட்டிக் காட்டினேன். கடைசி கார்டைத் திருப்பினான். ஸ்டெப் அசைட்.

"இது செல்லாது டா, நீ அடிக்கவே இல்லை"ன்னான். ரூல் புக்கை எடுத்துக் கொடுத்தேன். படிச்சுட்டுப் பேசாம கீழே போயிட்டான். ஜூலைல நான் வேலைக்குப் பெங்களூரு கிளம்பணும். அதுக்குள்ள ஹெச்ஹெச்ஹெச் டெக் ஒண்ணு கட்டறேன்னு சொல்லியிருக்கான். ஹேண்ட் சைஸ் 10, ஆர்சனல்ல 50 தான் மிச்சம், தனிச் சக்தி எதுவும் கிடையாது. எனக்கு எதிரா எதுக்கு அதை எடுக்கிறான்னு இன்னும் புரியலை. பையன் சும்மா எடுக்க மாட்டான்.