வீட்டு வாசலில் சொல்வது ஒன்று... பட்டனில் அழுத்துவது?

கரடியூர் காட்சிமுனைக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அங்கே வசிப்பவர்களிடம், "சீனாவைப் பிடிக்குமா, ரஷ்யாவைப் பிடிக்குமா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் இப்படித்தான் ஊர் ஊராகக் கேட்கிறது. 2023-ல் வெளியான அதன் கணிப்பில், இந்தியர்களில் 57 சதவிகிதம் பேர் ரஷ்யாவைப் பிடிக்கும் என்றார்கள். உக்ரைன் போருக்குப் பிறகும்தான்! சீனா என்றதும் 67 சதவிகிதம் பேர் முகம் சுளித்தார்கள்.

ரஷ்யா, சீனாவெல்லாம் தூரத்து விஷயம். பேச்சு வீட்டுக்குள் வரும்போதுதான் சூடுபிடிக்கிறது. 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை, 17 மொழிகளில், 29,999 பேரை நேரில் சந்தித்து மதம் பற்றிக் கேட்டது பியூ. எல்லா மதங்களையும் மதிப்பது உண்மையான இந்தியருக்கு மிக முக்கியம் என்றவர்கள் 84 சதவிகிதம் பேர். கேட்கவே இனிக்கிறது, இல்லையா?

அடுத்த கேள்வி, கல்யாணம். தங்கள் மதப் பெண்கள் வேறு மதத்தில் திருமணம் செய்வதைத் தடுப்பது மிக முக்கியம் என்று இந்துக்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சொன்னார்கள். முஸ்லிம்களில் 80 சதவிகிதம் பேர். மதத்தைத் தாண்டினாலும் சாதி விடவில்லை. பெண்கள் சாதி மாறித் திருமணம் செய்வதைத் தடுக்க வேண்டும் என்றவர்கள் 64 சதவிகிதம்.

தென்னிந்திய இந்துக்களிடம் மட்டும் அந்த மதக் கணக்கு 37 சதவிகிதமாக இறங்குகிறது. மத்திய இந்தியாவில் அது 82. நாம் பெருமைப்படலாம்தான். ஆனால், வேறு மதப் பையனைக் காதலிக்கும் ஒரு பெண்ணுக்கு, சுற்றியிருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் எதிராக நிற்கிறார்கள் என்பதும் இதே எண்தான்.

முகம் தெரியாதவர் வீடு தேடி வந்து கேட்டால், நல்ல பதிலைச் சொல்லவே யாருக்கும் தோன்றும். ரகசியமாகச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால்? ஏற்காட்டுக்கு அது 2013-ல் கிடைத்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 27-ல் உச்ச நீதிமன்றம் 'நோட்டா'வுக்கு உத்தரவிட்டது. டிசம்பர் 4-ல் ஏற்காடு இடைத்தேர்தல். மலையும் வாழப்பாடிப் பக்கத்துச் சமவெளியும் சேர்ந்த, பழங்குடியினருக்கான தனித்தொகுதி. தமிழகத்தில் நோட்டா பட்டன் முதலில் வந்தது இங்கேதான். சுமார் 89 சதவிகித வாக்குப்பதிவு. அ.தி.மு.க-வின் சரோஜா 78,116 வாக்குகள் வித்தியாசத்தில் ஜெயித்தார்.

வரிசையில் நின்று, உள்ளே போய், 'யாரும் வேண்டாம்' என்று அழுத்திவிட்டு வந்தவர்கள் 4,431 பேர். ஏன் என்று அந்த இயந்திரம் கேட்கவில்லை.