பிறப்பையே சாட்சியாக்கும் சந்தேகம்

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 2020 மே 25 அன்று ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலரின் முழங்காலுக்கு அடியில் மூச்சுத் திணறி இறந்தபோது, நிறம் பார்த்துச் சந்தேகிக்கும் காவல்துறையைத் தமிழ்நாடும் கண்டித்தது. ஆனால் இங்கே நிறத்தின் இடத்தில் சாதி நிற்பதையும், அந்தச் சந்தேகத்துக்குச் சட்டமே பட்டியல் போட்டுக் கொடுத்திருந்ததையும் அந்த அளவுக்கு எவரும் பேசவில்லை.

1871-ல் வடஇந்தியாவில் தொடங்கி 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், மக்கள் வழக்கில் ரேகைச் சட்டம், ஒரு சமூகத்தில் பிறந்ததையே குற்றத்துக்கான அறிகுறியாகக் கொண்டது. பட்டியலில் ஏறியவர் கைரேகை பதிய வேண்டும். குறித்த வேளையில் காவல் நிலையத்தில் தலைகாட்ட வேண்டும். அனுமதியின்றி வெளியூர் போனால் தண்டனை. கழுதைகளிலும் மாடுகளிலும் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்றுவந்த குறவர்கள், ஆங்கிலேயரின் உப்புக் கொள்கையாலும் ரயிலாலும் பிழைப்பை இழந்த பின்பு அப்பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள் என்பது மறக்கக் கூடாத கொடுமை.

சென்னை மாகாணத்தில் 1947-லும் நாடு முழுவதும் 1952-லும் சட்டம் நீங்கியது. அதிலிருந்து விடுபட்டவர்களே சீர்மரபினர் எனப்படுகின்றனர். தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலில் சேலம் மேல்நாடு குறவர், சேலம் உப்புக் குறவர், ஆத்தூர் கீழ்நாடு குறவர் என்ற பெயர்கள் இன்றும் உள்ளன. ஆகவே சேலத்தை அடுத்த மல்லசமுத்திரத்தைச் சுற்றிய சமவெளிக்கு இது அயலார் கதையன்று.

சட்டம் போனாலும் பழக்கம் போகவில்லை. 1993-ல் முதனை கிராமத்துக் குறவரான ராஜாக்கண்ணுவை நகைத் திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் காவலர்கள் பிடித்துச் சென்று அடித்தே கொன்றுவிட்டு, அவர் தப்பி ஓடிவிட்டதாகக் கூறினர். காணாமற்போனவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவை அவருடைய மனைவி தொடுத்தார்; பின்னாளில் நீதிபதியான வழக்கறிஞர் கே. சந்துரு வாதாடினார். 2006-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் காவலர்களைத் தண்டித்தது. ஓர் ஏழைப் பெண்ணின் விடாப்பிடி இல்லையென்றால் காவல் நிலையம் சொன்ன கதையே வரலாறாகியிருக்கும்.

சீர்மரபினரைக் காரணமின்றிக் கைது செய்யக் கூடாது என்று 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் காவல்துறைக்கு உத்தரவிட்டுள்ளது. கைதானவரின் உறவினருக்குத் தகவல் தருவதும், அவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்துவதும் எல்லோருக்கும் பொதுவான சட்டம். பக்கத்துக் குடியிருப்பில் எவரையேனும் காவலர் அழைத்துச் சென்று இவ்விரண்டும் நடக்காவிட்டால், அக்கம்பக்கத்தார் பேசாதிருக்காமல், கட்டணமின்றி வழக்கறிஞர் அமர்த்தித் தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அன்றைக்கே தெரிவிக்க வேண்டும்.