டிப்பர் வருமுன் கிராவலுக்கு ஒரு தேர்வு

ஜவ்வாது மலையின் உடல் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் வகைப் பாறைகள். வெயிலும் மழையும் காலங்காலமாக அவற்றை அரித்துச் சிதைத்ததில் போளூர் பக்கத்து அடிவாரங்களில் செம்மண்ணும் சரளையும் கலந்து கிடக்கின்றன. சாலைக்கோ ஏரிக்கரைக்கோ மண் வேண்டும் என்றால் இப்படிப்பட்ட நிலத்தில்தான் கிராவல் குழிக்கு இடம் தேடுவார்கள்.

ஆனால் செக்கச்செவேல் என்று இருப்பதெல்லாம் நல்ல கிராவல் இல்லை. சிவப்பு, இரும்பு ஆக்சைடு தரும் நிறம். மண்ணின் வலுவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பாறை சிதையும்போது அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிறது, குவார்ட்ஸ் மணலாகவும் சரளையாகவும் மிஞ்சுகிறது. இரண்டும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பது குழிக்குக் குழி மாறும். மேலே ஒரு மீட்டர் அருமையான சரளை இருக்கும். அதற்குக் கீழே வழுவழுப்பான களி வந்துவிடும்.

அதனால்தான் முதல் வேலை சோதனைக் குழிகள். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தோண்டி, ஒவ்வொரு அடுக்கும் எத்தனை கனம், தண்ணீர் எந்த ஆழத்தில் ஊறுகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். அடுக்குவாரியாக மண்ணை மூட்டை கட்டி ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள்.

அங்கே முதலில் சல்லடை. இந்தியத் தரநிலை 1498-ன்படி 4.75 மி.மீ. முதல் 80 மி.மீ. வரை உள்ளதே சரளை. அடுத்து, மண் எவ்வளவு ஈரத்தில் குழம்பாகிறது என்பதைக் காட்டும் திரவ எல்லை. எவ்வளவு ஈர வரம்புக்குள் அது பிசைய வருகிறது என்பதைக் காட்டும் பிளாஸ்டிசிட்டி குறியீடு. மண் நல்லதா கெட்டதா என்ற கேள்வி இங்கேதான் உருமாறுகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக விதிகளின்படி, கரை கொட்டும் மண்ணில் திரவ எல்லை 70, குறியீடு 45 வரை பொறுத்துக்கொள்ளலாம். தார்ச்சாலைக்கு அடியில் வரும் கிராவல் அடுக்கிலோ 25-ம் 6-ம்தான் உச்சம். ஒரே குழி மண் கரைக்குத் தேறும், அடுக்குக்குத் தோற்கும்.

அடுத்தது புராக்டர் சோதனை. கலிபோர்னியப் பொறியாளர் ரால்ஃப் புராக்டர் 1933-ல் வெளியிட்ட முறை இது. ஈரம் குறைந்தாலும் மண் இறுகாது, கூடினாலும் இறுகாது. நடுவே ஓர் அளவில்தான் அதிகபட்ச அடர்த்தி கிடைக்கும். சாலையின் மேல்தள மண்ணை அந்த அடர்த்தியில் 97 சதவீதத்துக்கு ரோலர் இறுக்கியாக வேண்டும். கடைசியில் சி.பி.ஆர். சோதனை. இறுக்கிய மண்ணை நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்து, 50 மி.மீ. விட்டமுள்ள உலக்கையால் அழுத்திப் பார்ப்பார்கள். ஐப்பசி அடைமழையில் ஊறிய சாலை லாரியின் பாரத்தைத் தாங்குமா என்பதற்கான ஒத்திகை இது.

தரம் தேறிய பிறகு கணக்கு. ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் கனத்துக்குக் கிராவல் இருந்தால் 10,000 கன மீட்டர். லாரிக்காரர்கள் பேச்சில் ஏறத்தாழ 3,530 யூனிட். குழியில் உலர் அடர்த்தி 1.6 ஆக இருக்கும் மண், சாலையில் 1.9-க்கு இறுகினால் அந்த 10,000, சுமார் 8,400 ஆகச் சுருங்கும். இதைக் கணக்கில் சேர்க்காதவர் பாதி வேலையில் இன்னொரு குழி தேட நேரிடும்.

சட்டத்தின் பார்வையில் கிராவல் சிறு கனிமம். தமிழ்நாட்டில் 1959-ம் ஆண்டு சிறு கனிமச் சலுகை விதிகள் அதற்குப் பொருந்தும். சாலை, குழாய்ப் பாதை போன்ற நீள்திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்கச் சுற்றுச்சூழல் முன்அனுமதி வேண்டாம் என்று மத்திய அரசு 2020 மார்ச்சில் விலக்கு அளித்தது. 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீள்திட்டம் எது என்று விளக்கப்படவில்லை, எவ்வளவு மண் எடுக்கலாம் என்ற வரம்பும் இல்லை என்பவை அதற்கு நீதிமன்றம் சொன்ன காரணங்களில் அடங்கும்.