'நீங்க வந்தாத் தேவலை' – இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?



ஆங்கிலம் என்றாலே நம்மில் பலருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். குளத்தூர், விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கமிருந்து பத்தாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். டென்ஸ், வாய்ஸ் எல்லாம் பரீட்சைக்கு எப்படியோ தேறிவிடுகிறது. ஆனால், அடுத்தவர் இன்னதைச் செய்தால் நமக்குப் பிடிக்கும், இன்னதைச் செய்யாவிட்டால் நல்லது என்று மரியாதை குறையாமல் சொல்ல வேண்டிய இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

இது சின்ன விஷயம் இல்லை. டிப்ளமோ முடித்து ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ டிரெயினிங் போகிறோம். மனதிற்குள் 'சார், நீங்க நாளைக்கு வந்தாத் தேவலை' என்று பணிவாகத்தான் நினைக்கிறோம். வாயைத் திறந்தால் 'யூ கம் டுமாரோ' என்று வருகிறது. கேட்பவர் காதில் அது உத்தரவு! 'இந்தப் பையன் என்ன அதிகாரம் பண்ணுதான்' என்று நினைப்பார். இதற்குப் பயந்து பேசாமலே இருந்துவிடுகிறவர்களும் உண்டு. அதுவும் நட்டம்தான்.

ஆங்கிலத்தில் இதற்கென்று இருக்கிற வாக்கியம் இது: 'ஐ வுட் ராதர் யூ கேம் டுமாரோ.' பேச்சில் சுருக்கி 'ஐட் ராதர்' என்பார்கள். 'ட்' காதில் விழுந்தும் விழாமலும் இருக்கும்.

இதைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். 'கேம்' என்பது இறந்த காலம் ஆயிற்றே, 'டுமாரோ' நாளைக்கு ஆயிற்றே, இரண்டும் எப்படி ஒட்டும்? ராதருக்குப் பின் இன்னொரு ஆள் வந்தால் பாஸ்ட் டென்ஸ் போடு என்று விதி இருக்கிறது. கேம்பிரிட்ஜ் வெளியீடாக 1985-இல் வந்த ரேமண்ட் மர்ஃபியின் இலக்கணப் புத்தகத்திலும் பார்க்கலாம். விதியை மனப்பாடம் செய்தாலும் மனசு ஒப்பாது.

மனசு ஒப்ப ஒரு வழி இருக்கிறது. நம் வாயையே கவனியுங்கள். 'நாளைக்கு வந்தாத் தேவலை' என்கிறோமே, அந்த 'வந்தால்' எந்தக் காலம்? பள்ளிக்கூடத்தில் படித்த பகுபத உறுப்பிலக்கணத்தை ஞாபகப்படுத்துங்கள். வந்தான் என்பதில் 'த்' இறந்தகால இடைநிலை. அதே 'வந்த்' என்பதோடு 'ஆல்' சேர்ந்தால் வந்தால். போனான் – போனால். படித்தான் – படித்தால். வாங்கினான் – வாங்கினால். எதை எடுத்தாலும் இறந்தகால உருவத்தின் மேல்தான் 'ஆல்' உட்காருகிறது. 'நாளைக்கு வருவால்' என்று யாராவது சொல்வோமா? சிரிப்பார்கள். பிறந்ததிலிருந்து நாளைய காரியத்தை நேற்றைய உருவத்தில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வெள்ளைக்காரன் செய்தால் மட்டும் நமக்கு ஆச்சரியம்! நடந்துவிட்டது என்று சொல்ல அல்ல, 'இன்னும் நடக்கவில்லை, நடந்தால் நல்லது' என்று காட்டத்தான் இரண்டு மொழியும் அந்த உருவத்தை எடுக்கின்றன.

வேண்டாம் என்று சொல்லவும் இதே கதைதான். 'ஐட் ராதர் யூ டிடிண்ட் கம்' – நீங்க வராம இருந்தாத் தேவலை. அங்கே துணைவினை 'டிட்', இங்கே துணைவினை 'இருந்தால்'. காலம் துணைவினையின் தலையில் ஏறிக்கொண்டது. முடிந்துபோன காரியத்துக்கு: 'ஐட் ராதர் யூ ஹேட் டோல்ட் மி' – சொல்லியிருந்தாத் தேவலையா இருந்திருக்கும். அவன் 'ஹேட்' சேர்க்கிறான், நாம் 'இரு' சேர்க்கிறோம். பழைய திருநெல்வேலி ஜில்லாவில், சாயர்புரத்தில் 1840-களில் இருந்த ஜி.யு. போப்பும், இடையன்குடியில் வாழ்ந்து 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல்லும் நம் வினைச்சொற்களோடு மல்லுக்கட்டித்தான் தமிழ் கற்றார்கள். நாம் படும் பாட்டை அவர்கள் எதிர்ப்பக்கம் இருந்து பட்டிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. விரும்புகிறவரும் செய்கிறவரும் ஒரே ஆள் என்றால் பாஸ்ட் வேண்டாம். 'ஐட் ராதர் ஸ்டே' – நான் இருந்துக்கிடுதேன். அவ்வளவுதான்.

இன்னொரு இடத்தில் தமிழே நம் காலை வாரும். 'நீ வரணும்னு விரும்புறேன்' என்பதில் 'என்று' இருப்பதால் 'ஐ வான்ட் தட் யூ கம்' என்று போட்டுவிடுகிறோம். 'வான்ட்' அதற்கு இடம் கொடுக்காது. 'ஐ வான்ட் யூ டு கம்'. 'ஐ வுட் ப்ரிஃபர் யூ டு கம்' என்பது கொஞ்சம் கூடுதல் மரியாதை.

சங்கத்தின் சார்பில் மனு எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. 'நூலகம் மாலை ஆறு மணி வரை திறந்திருக்கக் கேட்டுக்கொள்கிறோம்' – 'வி ரிக்வெஸ்ட் தட் தி லைப்ரரி பி கெப்ட் ஓப்பன் டில் சிக்ஸ்.' 'இஸ்' இல்லை, 'பி'. அதே மாதிரி 'ஐ சஜெஸ்ட் தட் ஹி கம்', 'கம்ஸ்' இல்லை. ஏன் என்று கேட்டால் நம் வியங்கோள் வினைமுற்றைக் காட்டுவேன். வருக, வாழ்க, செல்க. நீ வாழ்க, அவன் வாழ்க, அவர்கள் வாழ்க! ஆளுக்குத் தகுந்தபடி விகுதி மாறுவதில்லை. எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் பொது என்று நன்னூலில் பவணந்தி முனிவர் சொல்கிறார். ஆங்கிலத்திலும் 'லாங் லிவ் தி கிங்' என்றுதான் கோஷம் போடுகிறார்கள், 'லிவ்ஸ்' என்று இல்லை.

இவற்றில் எனக்கு அதிகம் பிடித்தது 'ஐட் ராதர் யூ டிடிண்ட்' என்ற சின்ன வாக்கியம். 'உங்க போன் நம்பர் எழுதிக்கிடவா?' என்று ஒருவர் கேட்கிறார். நமக்கு இஷ்டமில்லை. முறைக்கவும் வேண்டாம், பல்லிளிக்கவும் வேண்டாம். இந்த நான்கு சொல் போதும். நம் மாணவிகளுக்கு இது ரொம்பவே உதவும்.

ஆனால் பெரியவர்களிடம் 'ஐட் ராதர்' கொஞ்சம் நேரடியாகப் படும். அங்கே 'இட் வுட் பி பெட்டர் இஃப் யூ கேம் டுமாரோ' என்று 'இஃப்' போட்டுச் சொல்லுங்கள். 'வந்தா நல்லா இருக்கும் சார்' என்பதன் அச்சு அசல்! அதே 'கேம்', அதே 'வந்தால்'.

ஓடுகிற லேத்தில் ஒருவன் சட்டைக் கை சிக்கப் போகிறது என்றால் மட்டும் தயவுசெய்து இலக்கணம் தேடாதீர்கள். 'ஸ்டாப்!' என்று கத்துங்கள்.